ஆண்களுக்கான கருத்தடை அறுவையும் மறுஇணைப்புச் சிகிச்சையும்

கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூரை அடுத்துள்ள மார்க்கையன்கோட்டையின் வயல்களுக்கு முல்லைப் பெரியாற்று நீரே உயிராகும். அவ்வூர் விவசாயிக்கு வாய்க்காலின் இயல்பை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு மடையை ஒரு போகத்திற்கு அடைத்து வைத்து, பின்னர் திறந்துவிட்டால் நீர் முன்போலவே ஓடும். பல ஆண்டுகளாக அடைபட்டுக் கிடந்த வாய்க்காலின் நிலை வேறு. அடைப்பை நீக்கினாலும் அதற்கு மேல்புறத்தில் வண்டல் படிந்திருக்கும். எங்கோ ஓரிடத்தில் கரை உடைந்து, நீர் வேறு வழியில் போயிருக்கும். அடைத்த இடத்தை மட்டும் சீர்செய்தால் கடைமடைக்கு நீர் வந்து சேராது.

ஆண்கள் செய்துகொள்ளும் குடும்பக் கட்டுப்பாடு அறுவையையும், பின்னர் தேவை ஏற்படின் அதனை மாற்றியமைக்கும் மறுஇணைப்பு அறுவையையும் விளங்கிக்கொள்ள இவ்வாய்க்கால் உவமை பெரிதும் துணைபுரியும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இவ்விஷயம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இரண்டு குழந்தைகள் போதும் என்று தீர்மானித்துக் கருத்தடை அறுவை செய்துகொண்ட ஓர் இளம் விவசாயியை எண்ணிப் பாருங்கள். காய்ச்சலிலோ, கிணற்றில் தவறி விழுந்தோ, சாலை விபத்திலோ குழந்தையை இழக்கும் துன்பம் அவருக்கு நேரலாம். மனைவியை இழந்து மறுமணம் செய்துகொள்ளும் நிலையும் வரலாம். அத்தகையவர் இதைப் பலர் முன்னிலையில் பேசமாட்டார். ஒருநாள் மாலை தனியே வந்து, "அண்ணே, அறுத்ததை மறுபடி சேர்த்து வைக்க முடியுமாமே, மெய்தானா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். அக்கேள்விக்குச் சரியான விடை கிடைத்தால் ஒரு குடும்பம் காலத்தோடு மருத்துவரை அடையும். தவறான விடை கிடைத்தால் ஆண்டுகள் வீணாகும், கடனும் ஏறும்.

உடலில் நிகழ்வது யாது?

விந்தணுக்கள் விரைகளில் உற்பத்தியாகின்றன. விரையின் பின்புறம் ஒட்டியுள்ள மெல்லிய சுருள்குழாயில் அவை தங்கி முதிர்ச்சி அடைகின்றன. சிறிய இடத்தில் சுருண்டு கிடக்கும் இக்குழாயை நீட்டி வைத்தால் ஏறக்குறைய 6 மீட்டர் இருக்கும். அங்கிருந்து விந்துக்குழாய் வழியாக அணுக்கள் மேலே செல்கின்றன. இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக விந்துக்குழாய்கள் இரண்டு உள்ளன. தொட்டால் கெட்டியான நூற்கயிறு போன்று தோன்றும் இக்குழாயின் உட்துவாரம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே ஆகும்.

கருத்தடை அறுவையில் மருத்துவர் இவ்விரு குழாய்களையும் துண்டித்து, முனைகளை அடைத்துவிடுகிறார். அறுவை இவ்வளவே. விரைகள் அகற்றப்படுவதில்லை. ஆண்மைக்குரிய இயக்குநீர் இரத்தத்தின் வழியே செல்வதாகையால் அதற்கு எவ்விதத் தடையும் இல்லை. விந்து நீரின் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவதாகும். அதில் விரையிலிருந்து வரும் பங்கு மிகச் சொற்பமே. ஆகவே ஆண்மை குன்றும், உடல் வலு போய்விடும், ஏர் பிடிக்க இயலாது என்பனவெல்லாம் ஆதாரமற்ற அச்சங்களாகும்.

அறுவைக்குப் பின்னரும் விந்தணுக்கள் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். வெளியே செல்ல வழியில்லாத அவற்றை உடலே கரைத்து உட்கொண்டுவிடுகிறது. உற்பத்தி நிற்பதில்லை என்ற இந்த ஒரு காரணத்தினால்தான் மறுஇணைப்புச் சிகிச்சை சாத்தியமாகிறது. ஊற்று வற்றவில்லை, பாதை மட்டுமே அடைபட்டுள்ளது.

சிகிச்சை வளர்ந்த வரலாறு

நமது நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1952-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1950-களின் பிற்பகுதியிலேயே கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை அளித்து முன்னோடியாக விளங்கியது அன்றைய சென்னை மாநிலம். 1971-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நமது பள்ளத்தாக்கிற்கு மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடைபெற்ற ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் அறுவை செய்துகொண்டனர்.

இவ்வளவு பேர் அறுவை செய்துகொண்ட நாட்டில், அவர்களுள் சிலர் பின்னாளில் மனம் மாறியோ, விதிவசத்தால் குழந்தைகளை இழந்தோ மறுஇணைப்பு வேண்டி வருவது இயல்பேயாகும். பம்பாயைச் சேர்ந்த டாக்டர்கள் ஜி. எம். பட்கே, ஏ. ஜி. பட்கே ஆகிய இருவரும் குழாய்களை மீண்டும் இணைத்த தங்கள் அனுபவத்தை 1967-இல் மருத்துவ உலகிற்கு வெளியிட்டனர். அவர்களிடம் சிகிச்சை பெற்றோருள் பெரும்பான்மையினருக்கு விந்தணுக்கள் திரும்பி வந்தன. 1970-களில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஏர்ல் ஓவன் என்பவரும், அமெரிக்காவில் ஷெர்மன் சில்பர் என்பவரும் நுண்ணோக்கியின் துணைகொண்டு இவ்வறுவையைச் செய்து, அதனை மேலும் திருத்தமடையச் செய்தனர்.

இவ்வரலாற்றில் வருந்தத்தக்க பகுதியும் ஒன்றுண்டு. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்தபோது நாட்டின் பல பகுதிகளில் வற்புறுத்தல் நிகழ்ந்தது. 1976-77-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. விருப்பமின்றிச் செய்யப்பட்ட அறுவை மக்களின் நம்பிக்கையைக் குலைத்துவிட்டது. அதன்பின் குடும்பக் கட்டுப்பாட்டின் சுமை பெரும்பாலும் பெண்கள்மீதே விழுந்தது. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டின் மணமான பெண்களில் 100-க்கு ஏறக்குறைய 38 பேர் தாமே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்ட குடும்பங்களோ 1,000-க்கு 3 மட்டுமே.

மறுஇணைப்பு எவ்வாறு செய்யப்படுகிறது?

கருத்தடை அறுவை சில நிமிடங்களில் முடிவது. சீன நாட்டின் லீ ஷுன்சியாங் என்னும் மருத்துவர் 1974-இல் வகுத்த முறையில், கத்தியால் கீறாமல் சிறு துளையின் மூலமாகவே அதைச் செய்துவிடலாம், தையலும் தேவையில்லை. ஆனால் மறுஇணைப்பு அறுவை இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை ஆகும். முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தோ, முழு மயக்கம் கொடுத்தோ இதைச் செய்வர். வெட்டுவது எளிது, சேர்ப்பது அரிது என்பதை இவ்வேறுபாடே காட்டும்.

மருத்துவர் முதலில் பழைய அறுவை நடந்த இடத்தைக் கண்டறிந்து, தழும்பேறிய முனைகளை வெட்டி நீக்குகிறார். பின்னர் விரையின் பக்கமுள்ள முனையிலிருந்து கசியும் திரவத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார். அடுத்துச் செய்ய வேண்டியது யாது என்பதை இச்சோதனையே தீர்மானிக்கிறது. திரவம் தெளிவாக இருந்தாலோ, அதில் விந்தணுக்கள் காணப்பட்டாலோ, குழாயின் இரு முனைகளையும் நேருக்கு நேர் வைத்துத் தைத்துவிடலாம். தலைமயிரினும் மெல்லிய நூலால், நுண்ணோக்கியின் கீழே இத்தையல் போடப்படுகிறது.

திரவம் பசைபோல் கெட்டியாகவும், அணுக்கள் அற்றதாகவும் இருந்தால் நிலைமை வேறு. நெடுநாள் அடைப்பினால் ஏற்பட்ட அழுத்தத்தில், விரையை ஒட்டிய சுருள்குழாயில் எங்கோ ஓரிடம் வெடித்து அங்கும் அடைப்பு உண்டாகியிருக்கிறது என்பது பொருள். அடைத்த மடைக்கு மேலே கரை உடைந்த வாய்க்கால் இதுவே. அப்போது விந்துக்குழாயை நேரே சுருள்குழாயுடன் இணைக்க வேண்டும். இது முன்னதினும் கடினமானது. வெற்றி வாய்ப்பும் குறைவு. எந்த அறுவை தேவைப்படும் என்பது மேசையில் படுத்த பின்னரே உறுதிப்படுவதால், இரண்டையும் செய்யத் தேர்ந்த மருத்துவரிடமே செல்வது அறிவுடைமையாகும்.

அறுவைக்குப் பின் மூன்று, நான்கு வாரங்களுக்குப் பாரம் தூக்குதல் கூடாது. வாழைத்தார் சுமப்பது, உரமூட்டை இறக்குவது போன்ற வேலைகளை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும். மருத்துவர் கூறும்வரை தாம்பத்திய உறவையும் தவிர்த்தல் அவசியம். விந்தணு ஒன்று உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகும். ஆகையால் உடனே பலனை எதிர்பார்த்து மனம் தளரலாகாது. சிலருக்குச் சில வாரங்களிலும், சிலருக்கு ஆறு மாதங்களிலும், சுருள்குழாயுடன் இணைத்தவர்களில் சிலருக்கு ஓர் ஆண்டுக்குப் பின்னரும் அணுக்கள் தோன்றுவதுண்டு.

காலமே முதற்கணக்கு

வெற்றி எந்த அளவுக்குக் கிட்டும் என்பதற்குத் தெளிவான கணக்கு உண்டு. அமெரிக்காவில் 1,469 ஆண்களுக்கு நுண்ணோக்கியின் உதவியுடன் செய்யப்பட்ட மறுஇணைப்புகளை ஆராய்ந்த மருத்துவர் குழு, தன் முடிவுகளை 1991-இல் வெளியிட்டது. கருத்தடை செய்து 3 ஆண்டுகளுக்குள் மறுஇணைப்புச் செய்துகொண்டவர்களில் 100-க்கு 97 பேருக்கு விந்தணுக்கள் திரும்பின. 76 பேரின் மனைவியர் கருவுற்றனர். 3 முதல் 8 ஆண்டுகள் கழிந்தவர்களில் 88 பேருக்கு அணுக்கள் திரும்பின. 53 பேரின் மனைவியர் கருவுற்றனர். 9 முதல் 14 ஆண்டுகள் கழிந்தவர்களில் இவ்வெண்கள் முறையே 79, 44 ஆயின. 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆனவர்களில் அவை 71, 30 எனக் குறைந்தன.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, ஆண்டுகள் செல்லச் செல்ல வாய்ப்புக் குறைகிறது. எனினும் 15 ஆண்டுகளுக்குப் பின்னரும் அது அற்றுப்போவதில்லை. மற்றொன்று, அணுக்கள் திரும்புவது வேறு, குழந்தை பிறப்பது வேறு. வாய்க்காலில் நீர் வந்துவிட்டதாலேயே களத்தில் நெல் குவிந்துவிடுவதில்லை அல்லவா? கருத்தடை அறுவைக்குப் பின் பலருடைய உடல் தன் விந்தணுக்களையே அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கத் தொடங்குவதுண்டு. அணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் சிலருக்குக் குறைந்திருக்கும். இணைத்த இடம் தழும்பேறி மீண்டும் அடைபடுவதும் உண்டு.

இவை யாவற்றுக்கும் மேலாக மனைவியின் வயதைக் கருத வேண்டும். 35 வயதுக்குப் பின் பெண்களின் கருவுறும் ஆற்றல் விரைவாகக் குறைகிறது. கணவருக்கு அறுவை செய்வதற்கு முன்னரே மனைவியையும் பரிசோதித்துப் பார்ப்பது இன்றியமையாதது. அவருடைய கருக்குழாயில் அடைப்பு இருப்பின், கணவர் செய்துகொள்ளும் அறுவையினால் பயன் விளையாது.

நாகப்பட்டினம் கற்பித்த பாடம்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியதை நாம் மறக்க இயலாது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். போதுமென்று குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த பெற்றோர் பலர், ஒரே காலைப்பொழுதில் குழந்தையற்றோர் ஆயினர். அவர்களுக்கு மறுஇணைப்புச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கத் தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்தது. நம் மாநிலத்தில் கருத்தடை அறுவையைப் பெண்களே பெரிதும் செய்துகொள்வதால், அச்சிகிச்சையைப் பெற்றோரும் தாய்மார்களே. அவர்களுள் சிலர் மீண்டும் குழந்தை பெற்றனர். சிலருக்கு அப்பேறு கிட்டவில்லை.

அறுவை செய்துகொண்டவர் ஆணாயினும் பெண்ணாயினும் நாகப்பட்டினம் கற்பிக்கும் பாடம் ஒன்றே. துயரம் நேர்ந்த குடும்பத்திற்கு மறுஇணைப்பு ஒரு வாய்ப்பாகும். அது வாக்குறுதி ஆகாது. அவ்வாய்ப்பைத் தேடி வருவோருக்கு உரிய காலத்தில் வழிகாட்டுவது சமுதாயத்தின் பொறுப்பாகும்.

ஏமாற்றத்திற்கு இடங்கொடாதீர்

அறுத்து அடைத்த குழாயைத் திறக்கவல்ல மாத்திரையோ, லேகியமோ, எண்ணெயோ உலகில் எங்கும் கிடையாது. அவ்வாறு எவரேனும் கூறினால் அது பொய்யே. "நூற்றுக்கு நூறு வெற்றி" என்று உறுதி கூறும் மருத்துவமனையையும் ஐயத்துடனேயே நோக்க வேண்டும்.

காணியை அடகு வைத்தும் நகையை விற்றும் பணம் செலுத்துவதற்கு முன், மருத்துவரிடம் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. இத்தகைய அறுவைகள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? நுண்ணோக்கியின் துணையுடன் செய்வீர்களா? சுருள்குழாயுடன் இணைக்க நேர்ந்தால் அதையும் செய்வீர்களா? எங்கள் வயதிற்கும், கழிந்துபோன ஆண்டுகளுக்கும் ஏற்ப வாய்ப்பு எவ்வளவு? மொத்தச் செலவு எவ்வளவு, அதில் பின்னர் செய்யவேண்டிய பரிசோதனைகளும் அடங்குமா? இக்கேள்விகளுக்குப் பொறுமையுடன் விடை கூறும் மருத்துவரே நம்பத்தக்கவர்.

மார்க்கையன்கோட்டை வட்டாரத்தினர் முதலில் தம் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரையோ, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ அணுகலாம். க. விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது; மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை உள்ளது. தனியாரிடம் செல்வதற்கு முன் இத்தகைய அரசு மருத்துவமனைகளில், 'யூராலஜி' எனப்படும் சிறுநீர்ப்பாதை அறுவைச் சிகிச்சை மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது நலம். கருத்தடை அறுவையின்போது தரப்பட்ட சான்றிதழ் இருப்பின் அதனைத் தவறாது உடன் கொண்டு செல்ல வேண்டும். அறுவை நடந்த ஆண்டை அது காட்டும்.

மறுஇணைப்பு பொருந்தாத தம்பதிகளுக்கு வேறு வழிகளும் உண்டு. விரையிலிருந்து நேரே விந்தணுவை எடுத்து, ஆய்வகத்தில் முட்டையினுள் செலுத்திக் கருவாக்கும் முறை 1990-கள் முதல் உலகில் கையாளப்பட்டு வருகிறது. இதற்குச் செலவு மிகுதி. மனைவியும் ஊசிகளையும் சிகிச்சைகளையும் ஏற்க வேண்டியிருக்கும். 2021-ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு பெற்ற நிலையங்களில் மட்டுமே இதனைச் செய்துகொள்ள வேண்டும். சட்டப்படி ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வளர்ப்பதும் போற்றத்தக்க வழியே.

முன்னதாகவே சிந்திப்பீர்

மறுஇணைப்பு உண்டு என்று கேள்விப்பட்டு, "இப்போது அறுத்துக்கொள்வோம், வேண்டுமானால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்று எண்ணுவது பெருந்தவறு. ஆண்களுக்கான கருத்தடை அறுவை நிரந்தரமானது என்று கருதியே அதற்கு இசைய வேண்டும். குறைந்தபட்சம் ஒரு வயது நிறைந்த குழந்தையேனும் உள்ள தம்பதிகளுக்கே இவ்வறுவை உரியது என்று அரசு நெறிமுறைகள் கூறுகின்றன. கடைசிக் குழந்தை சிறிது வளர்ந்து திடம்பெற்ற பின்னர் முடிவெடுப்பது மேலும் நல்லது. ஐயம் இருப்பின் தற்காலிக முறைகளைக் கையாளலாம். முடிவு செய்து அறுவை செய்துகொண்டவர்கள், மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, அணுக்கள் இல்லையென்று உறுதிப்படும் வரை ஆணுறையைப் பயன்படுத்த வேண்டும். குழாயில் எஞ்சியிருக்கும் அணுக்களால் கரு உண்டாகி, அதனால் மனைவிமீது வீண் சந்தேகம் எழுந்து குடும்பம் குலைவதை இவ்வொரு பரிசோதனை தடுத்துவிடும்.

இவற்றை அறிந்து தெளிந்த மனத்துடன் முன்வருவோருக்கு, ஆண்களுக்கான கருத்தடை அறுவை பெண்களுக்குரியதைக் காட்டிலும் எளியது, ஆபத்தும் குறைந்தது. பிள்ளைப்பேற்றின் வலியைத் தாங்கிய மனைவிமீது மற்றோர் அறுவையையும் சுமத்தாமல், தாமே அதை ஏற்கும் கணவர் பாராட்டுக்குரியவர்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவ்விஷயத்தில் செய்யக்கூடியவை எளியவையே. அறுவைக்கு எவரையும் வற்புறுத்தாதீர்கள்; எவரையும் அச்சுறுத்தித் தடுக்கவும் வேண்டாம். குழந்தையை இழந்த வீட்டாரின் துயரம் சற்றுத் தணிந்ததும், அவர்கள் கேட்கத் தயங்கினாலும், செவிலியரை அவ்வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள். உங்களிடம் தனிமையில் கூறப்பட்ட செய்தி தேநீர்க் கடையில் பேச்சாகிவிடாமல் காத்துக்கொள்ளுங்கள். தூர்ந்த வாய்க்காலைத் திறக்கும் பணியில் ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்திற்குக் காத்திருக்கலாம். குழந்தைக்காக ஏங்கும் தம்பதிகளுக்குக் கழிந்துபோன ஆண்டுகள் திரும்பி வருவதில்லை.